மரீன் டிரைவும் வொர்லி சாலும்: ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்

ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும், மும்பைத் தமிழர்களாகிய நாம் முதலில் கூட்டிக்கொண்டு போவது மரீன் டிரைவுக்குத்தான். அங்கே வரிசையாக நிற்கும் ஐந்து மாடி வீடுகளின் அடியில் இருப்பது ஒரு காலத்தில் கடல் என்பது பலருக்கும் தெரியும். கடலை நிரப்பிய அதே அரசாங்க இலாகாதான், அதே வருஷங்களில், வொர்லியில் ஒற்றை அறைச் சால்களையும் கட்டியது என்பது சிலருக்கே தெரியும். வியாபாரி நான், பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கணக்குச் சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பஞ்சு கொண்டுவந்த பேராசை

கதை பஞ்சில் தொடங்குகிறது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு வரத்து நின்றது. பம்பாய்ப் பஞ்சுக்குச் சொன்னதுதான் விலை என்று ஆயிற்று. கையில் பணம் புரளவும், கடலைத் தூர்த்து மனை போடும் கம்பெனிகள் முளைத்தன. 1863-ல் தொடங்கிய பேக்பே ரெக்லமேஷன் கம்பெனி அவற்றில் தலையாயது. அந்தக் கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 ரூபாய் வரை போனது. இந்தச் சூதாட்டத்தின் நடுநாயகம் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற ஜைன வணிகர். 1865-ல் போர் முடிந்தது, பஞ்சு விலை விழுந்தது, கம்பெனிகள் சரிந்தன. பிரேம்சந்தும் நொடித்துப் போய்ப் பிறகு மீண்டவர்தாம். பொருளுக்கு ஓர் அளவு கட்டிக்கொள் என்று சமண அறம் சொல்வது ஏன் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அவர் தம் தாயார் பெயரில் கொடுத்த நன்கொடையில் எழுந்த ராஜாபாய் கோபுரம் இன்றும் பல்கலைக்கழக வளாகத்தில் மணி அடிக்கிறது.

லாயிட் துரையின் திட்டம்

அடுத்த முயற்சி அரசாங்கத்தினுடையது. 1918 முதல் 1923 வரை கவர்னராக இருந்த சர் ஜார்ஜ் லாயிட், 1920-ல் டெவலப்மென்ட் டைரக்டரேட் என்ற தனி இலாகாவை ஏற்படுத்தினார். அதன் கையில் இரண்டு பெரிய வேலைகள் இருந்தன. ஒன்று, பேக்பே கடலில் எட்டுப் பகுதிகளாக 1,145 ஏக்கர் நிலம் எடுப்பது. மற்றது, மில் தொழிலாளர்களுக்கு 50,000 ஒற்றை அறை வீடுகள் கட்டுவது.

முதல் வேலை எப்படி நடந்தது? துறைமுகச் சேற்றை உறிஞ்சிக் குழாய் வழியே கொட்டினார்கள். கல் சுவரின் இடுக்கு வழியாகச் சேறு மறுபடி கடலுக்கே போனது. செலவு ஏற ஏற ஊரெல்லாம் சிரிப்பு. கே.எஃப். நரிமன் என்ற பார்சி வக்கீல் ஊழல் என்று வெளிப்படையாக எழுதினார். திட்டத்துப் பொறியாளர் ஹார்வி அவதூறு வழக்குப் போட்டார்; நரிமன் விடுதலையானார். பிற்பாடு அதே விரிகுடாவில் தூர்த்தெடுத்த முனைக்கு அவர் பெயரையே வைத்தார்கள், நரிமன் பாயின்ட் என்று! எட்டில் நான்கு பகுதிகளே அப்போது முடிந்தன. கிடைத்த சுமார் 440 ஏக்கரில் 235 ஏக்கர் ராணுவத்துக்குப் போனது. மிச்சத்தில் எழுந்ததுதான் மரீன் டிரைவ் வீட்டு வரிசை. கபூர் மஹால், ஜவேர் மஹால், கேவல் மஹால், சூனா மஹால் எல்லாம் 1930-களின் பிற்பகுதியில் வந்தவை.

பொதிக்கு ஒரு ரூபாய்

இனி மறுபக்கம். தொழிலாளர் வீடுகளுக்குப் பணம் திரட்ட, பம்பாய்க்குள் வரும் ஒவ்வொரு பஞ்சுப் பொதிக்கும் 1 ரூபாய் வரி போட்டார்கள். 50,000 வீடு என்ற கணக்கு நிறைவேறவில்லை. வொர்லியில் 121, நாய்காவில் 42, டிலைல் ரோட்டில் 32, சிவ்ரியில் 12, ஆக 207 சால்கள். ஒவ்வொன்றும் தரைத்தளமும் மூன்று மாடியும். மாடிக்கு இருபது அறை. அறைக்கு 160 சதுர அடி. கழிப்பிடம் மாடிக்குப் பொது. அதுவும் வாடகை கட்டுபடியாகாமல் பல அறைகள் ஆரம்பத்தில் காலியாகக் கிடந்தன. அப்புறம் ஆள் சேர்ந்தபோது ஓர் அறையில் ஒரு குடும்பமே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது.

வாடகைச் சட்டம்

1947-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் நிறுத்தியது. மரீன் டிரைவில் கடல் பார்த்த வீட்டுக்கும் பழைய வாடகைதான். குடியிருந்தவர் பிழைத்தார், சொந்தக்காரர் பழுது பார்க்க மனம் வைக்கவில்லை, உப்புக் காற்று கம்பியை அரித்தது. வெளியேறுபவருக்குக் கைமாறும் 'பக்டி'ப் பணத்தை 1999-ன் புதிய சட்டம்தான் அங்கீகரித்தது. ஏழைக்குக் காவலாக வந்த சட்டம் வசதியுள்ளவருக்கும் குடை பிடித்தது என்று சொன்னால் தப்பில்லைங்க.

இரண்டு வரிசை, இரண்டு முடிவு

2018-ல் யுனெஸ்கோ மும்பையின் விக்டோரியன் காதிக், ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஓவல் மைதானத்தின் கிழக்கே பஞ்சுப் பணத்துக் கோபுரம். மேற்கே கடல் நிலத்து வீடுகள். இரண்டுக்கும் மரியாதை கிடைத்தது. வொர்லிச் சால்களோ இடிபட்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் அங்கே முதல் 556 குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீட்டுச் சாவி கொடுத்தார்கள். 160 அடியிலிருந்து 500 அடிக்கு வர ஏறக்குறைய நூறு வருஷம் ஆகியிருக்கிறது! இடிப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பொதுக் கழிப்பிட வரிசையில் நின்றவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் கட்டடத்தோடு நினைவும் போய்விடக் கூடாது. கடலோர வீடுகளுக்குப் படமும் புத்தகமும் இருக்கின்றன. சாலில் வாழ்ந்தவருக்கு இருப்பது பழைய வாடகை ரசீதும் ரேஷன் கார்டும்தான். மில் வேலைக்கு வந்தவர், மூட்டை தூக்கியவர், மாடிப்படிக்கடியில் கடை வைத்தவர் எனப் பலரின் வரலாறு அதில்தான் எழுதியிருக்கிறது. அன்பர்கள் யார் வீட்டிலாவது அப்படிக் காகிதம் இருந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து நம் சங்க நூலகத்துக்குக் கொடுங்கள். பேரேட்டின் அந்தப் பக்கமும் நிரம்பட்டும்.