குடும்ப வன்முறையும் யூதரிடையே சமூகப் பணியும்: ஒரு வரலாற்று நோக்கு

குடும்பத்துள் நிகழும் வன்முறையைத் தனிமனிதரின் குணக்கேடாகக் காண்பது நெடுநாளைய வழக்கமாகும். அவ்வாறு காணுமிடத்து அதற்கான பரிகாரமும் புத்திமதி, சமரசம், தருமம் என்ற எல்லைக்குள் நின்றுவிடும். ஆனால் எந்தத் துன்பம் சமூகப் பிரச்சினையாக ஏற்கப்படுகின்றது, எது வீட்டு விவகாரமென ஒதுக்கப்படுகின்றது என்பதைப் பொருளாதார உறவுகளும் அதிகார அமைப்புமே பெரிதும் தீர்மானிக்கின்றன. யூத சமூகத்தில் அடிபட்ட பெண்களுக்கான சமூகப் பணி வளர்ந்த வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது.

முதலிற் சட்ட மரபினை நோக்குவோம். மனைவியை அடிப்பதை யூத சமயம் ஏற்றதா, மறுத்ததா என்ற வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ், தன் கடமைகளைச் செய்ய மறுக்கும் மனைவியைப் பிரம்பினாலேனும் பணியவைக்கலாம் என விதித்தார். அடுத்த நூற்றாண்டில் ஜேர்மனியில் வாழ்ந்த ரோத்தன்பேர்க் மெயிர் என்னும் ரபியோ, பிறரை அடிப்பதிலும் மனைவியை அடிப்பது கொடிய குற்றமெனக் கண்டித்தார். மரபு என்பது முரண்பட்ட குரல்களின் களமாகவே இருந்துள்ளது. எனினும் ஒன்று மட்டும் அசையாது நின்றது. மணமுறிவுப் பத்திரமாகிய 'கெற்' கணவன் கையாலேயே வழங்கப்படவேண்டும். அதனைப் பெறாதவள் 'அகுனா', அதாவது கட்டுண்டவள் எனப்பட்டாள். அவள் சமய விதிப்படி மறுமணம் செய்ய முடியாது.

நவீன சமூகப் பணியின் தொடக்கங்களுள் ஒன்றை நியூயோர்க் நகரிற் காணலாம். 1881 முதல் 1924 வரையான காலத்திற் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ இருபது இலட்சம் யூதர் அமெரிக்காவிற் குடியேறினர். தையற் பட்டறைகளின் குறைந்த கூலி, பருவகால வேலையின்மை, நெருக்கடியான குடியிருப்பு ஆகியவற்றிடையே மனைவி மக்களைக் கைவிட்டு மறையும் கணவர்களின் தொகை பெருகிற்று. 1911 இல் யூதத் தரும நிறுவனங்கள் இதற்கெனத் தேசியப் பணியகமொன்றை நிறுவின. பணியகம் மறைந்தவர்களைத் தேடிற்று. 'ஃபோர்வெர்ட்ஸ்' என்னும் யித்திஷ் மொழிச் சோசலிச நாளேடு அவர்களது படங்களைத் தனிப் பகுதியொன்றில் வெளியிட்டது. கண்டுபிடிக்கப்பட்டவன் வீடு திரும்பவேண்டும், அல்லது பராமரிப்புப் பணம் செலுத்தவேண்டும் என வற்புறுத்தப்பட்டான்.

இப்பணி பல குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்தது. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயின் அதன் தர்க்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. நிதி வழங்கிய வசதி படைத்தோருக்குக் கைவிடப்பட்ட பெண் ஒரு செலவினமாகவும் சமூகத்தின் நற்பெயருக்கு இழுக்காகவும் தோன்றினாள். எனவே கணவன் இல்லாமையே பிரச்சினையென வரையறுக்கப்பட்டது. கணவன் வீட்டில் இருப்பதே துன்பமாகிய பெண்ணுக்கு அவ்வரையறையுள் இடம் அரிது. குடும்பத்துள் கணவனை முதலாளிக்கும் மனைவியைப் பாட்டாளிக்கும் எங்கெல்ஸ் 1884 இலேயே ஒப்பிட்டிருந்தார். இருந்தும், கூலியைப் பற்றி ஓயாது பேசிய முற்போக்காளர், அக்கூலி வீட்டுக்குள் அதிகாரமாக மாறுவதைப் போதியளவு ஆராயவில்லை. இதனை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஜேர்மனியில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. 1904 இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவிய பேர்த்தா பாப்பன்ஹைம், 1907 இல் பிராங்போட் அருகே நொய்-இசன்பூர்க்கில், மணமாகாத தாய்மாருக்கும் ஆபத்துக்குள்ளான சிறுமியருக்கும் இல்லமொன்றைத் திறந்தார். யூதப் பெண்கள் விற்கப்படுவதை அவர் வெளிப்படையாகப் பேசியபோது, அது யூத எதிர்ப்பாளருக்கு ஆயுதமாகும் எனச் சமூகத் தலைவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் கற்பனையன்று. 1938 நவம்பரில் நாசிகள் அவ்வில்லத்தைத் தாக்கித் தீயிட்டனர். 1942 இல் அது மூடப்பட்டது. ஆனால் பகைவருக்கு அஞ்சிக் காக்கப்படும் மௌனத்தின் விலையைச் சமூகத்துட் பலவீனமானவர்களே செலுத்துகின்றனர். 'ஷலோம் பயித்' எனப்படும் இல்லற அமைதியைப் பேணும் பொறுப்பு நடைமுறையிற் பெண்மீதே சுமத்தப்பட்டது.

இந்நிலையை 1970களின் பெண்கள் இயக்கம் உடைத்தது. மார்சியா ஃபிரீட்மன் 1976 இல் இஸ்ரேலியப் பாராளுமன்றத்தில் மனைவியரை அடிக்கும் கொடுமையை எழுப்பியபோது உறுப்பினர் சிலர் அதனை எள்ளி நகையாடினர். அடுத்த ஆண்டிற் பெண்ணியவாதிகள் ஹைபா நகரில் நாட்டின் முதற் புகலிடத்தைத் திறந்தனர். கணவனைத் தேடிக் கொணர்வதற்குப் பதிலாக, மனைவி வெளியேறுவதற்கு ஒரு கதவு திறக்கப்பட்டது.

பொதுப் புகலிடங்கள் இருக்க யூதப் பெண்ணுக்குத் தனி இல்லம் எதற்கு எனச் சிலர் வினவலாம். 'கோஷர்' விதிப்படி இறைச்சிக்கும் பாலுணவுக்கும் வெவ்வேறு பாத்திரங்கள் வேண்டும். பஸ்கா நாட்களிற் புளித்த மாவு வீட்டில் இருத்தலாகாது. இவற்றைத் துறந்தாற்றான் அடியிலிருந்து தப்பலாமெனின், பக்தியுள்ள பெண் வீட்டை விட்டுப் புறப்படவே தயங்குவாள். பிரித்தானியாவில் யூதப் பெண்கள் உதவி அமைப்பு அத்தகையோருக்கெனப் புகலிடம் நடத்தி வந்துள்ளமையின் நியாயம் இதுவே. ஒரு பெண்ணின் விடுதலைக்கு அடுக்களையும் பௌதிக நிபந்தனையாகலாம்.

புகலிடம் உடலைக் காத்தாலும், 'கெற்' கணவன் கையில் உள்ளவரை அவனது பிடி முற்றாகத் தளர்வதில்லை. இஸ்ரேலில் 1953 ஆம் ஆண்டுச் சட்டம் யூதரின் திருமணத்தையும் மணமுறிவையும் ரபிகளின் நீதிமன்றங்களுக்கே உரித்தாக்கிற்று. மணமுறிவுத் தீர்ப்புக்குப் பணியாதவனின் கடவுச்சீட்டையும் வாகன அனுமதிப்பத்திரத்தையும் முடக்கவும், அவனைச் சிறையிடவும் 1995 ஆம் ஆண்டுச் சட்டம் அந்நீதிமன்றங்களுக்கு அதிகாரமளித்தது. பிரித்தானியாவில் 2021 ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான அரச வழிகாட்டல், 'கெற்' மறுப்பும் அடக்கியாளும் நடத்தையாகலாம் என ஏற்றது. 2022 இல் அவ்வாறு மறுத்த ஒருவன் இலண்டனிற் சிறைத்தண்டனை பெற்றான்.

இவ்வெற்றிகள் எவையும் மேலிருந்து அருளப்பட்டவையல்ல. தருமம் பெறுபவளாக இருந்த பெண், உரிமை கோருபவளாக மாறியதன் விளைவுகளே அவை. ஒடுக்கப்படும் சமூகம் எதுவாயினும், வெளிப்பகையைக் காட்டி உள்ளொடுக்குமுறையை மறைக்கும் கருத்துநிலையை அது எதிர்கொண்டே ஆகவேண்டும். இரவில் அடிபட்டு வெளியேறும் பெண்ணுக்குத் தங்க இடமும், கையிற் பணமும், சட்டத்தின் துணையும் உண்டா என்ற வினாவிலேயே ஒரு சமூகத்தின் முற்போக்கு அளக்கப்படல் வேண்டும்.