அடையாறில் தொடங்கிய பத்திரிகை வகுப்பு

பத்திரிகைத் தொழிலைக் கல்லூரியில் படித்துக் கற்றுக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு நம் நாட்டில் நூறு வயதுக்கு மேல் ஆகிறது. இன்னும் அது ஓயவில்லை. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கிற அனுமந்தன்பட்டியிலிருந்து நான் இதழியல் படிக்க மதுரைக்குப் புறப்பட்டபோது என் பெரியப்பாவும் இதையேதான் கேட்டார். "பேப்பர்ல எழுதுறதுக்கு மூணு வருசம் படிப்பாடா? எழுதத் தெரிஞ்சா எழுதிட்டுப் போ."

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. வரலாறும் பெருமளவு அவர் பக்கம்தான் நிற்கிறது. 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து'வைத் தொடங்கிய ஆறு பேரில் இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். டி. முத்துசாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கியதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கின. பதில் சொல்ல ஒரு இடம் வேண்டியிருந்தது. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டார்கள். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதி, அங்கிருந்து நேராகச் சென்னைக்குப் போய் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியரானார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் மேசைதான் அவருக்கு வகுப்பறை. கல்கி 1923இல் திரு.வி.க.வின் நவசக்தியில் சேர்ந்து தொழில் பழகினார். யாரிடமும் பட்டம் கிடையாது. கொத்தனாரிடம் சித்தாளாகச் சேர்ந்து கரணை பிடிப்பது போலத்தான் எல்லோரும் கற்றார்கள்.

இந்த வழக்கத்துக்கு நடுவில்தான் சென்னை அடையாறில் ஒரு புது முயற்சி நடந்தது. அன்னி பெசன்ட் 1914இல் ஒரு நாளிதழை வாங்கி 'நியூ இந்தியா' என்று பெயர் மாற்றி நடத்தினார். 1916இல் பத்திரிகைச் சட்டத்தின் கீழ் அரசு அவரிடம் 2,000 ரூபாய் பிணைத்தொகை கேட்டது. அதைப் பறிமுதல் செய்துவிட்டு 10,000 கேட்டது. 1917இல் அவரையே உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. இவ்வளவும் பட்ட பிறகு, தாகூரை வேந்தராகக் கொண்டிருந்த அடையாறு தேசியப் பல்கலைக்கழகத்தில் 1920இல் இதழியல் வகுப்பைத் தொடங்கினார். இந்தியாவில் பல்கலைக்கழக அளவில் இதழியல் கற்பித்த முதல் முயற்சி என்று இதைத்தான் சொல்கிறார்கள். மாணவர்கள் 'நியூ இந்தியா' அலுவலகத்தில் வேலை பழக வேண்டும் என்பது அந்தப் படிப்பின் பகுதி. பாடம் சொன்ன அம்மாள் எழுத்துக்கு விலை கொடுத்தவர் என்பதை அந்த மாணவர்களுக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அமெரிக்காவில் மிசூரிப் பல்கலைக்கழகமும் இப்படித்தான் தொடங்கியது. 1908 செப்டம்பர் 14 அன்று அங்கே இதழியல் பள்ளி திறந்த அதே நாளில் மாணவர்கள் தயாரித்த நாளிதழின் முதல் இதழும் வெளிவந்தது. ஊர்க்காரர்கள் காசு கொடுத்துப் படிக்கிற நிஜமான பேப்பர் அது. தப்பாக எழுதினால் மறுநாள் சம்பந்தப்பட்டவர் வாசலுக்கே வந்து கேட்பார்.

பிறகு வந்த இந்தியப் படிப்புகள் பலவற்றில் இந்த இணைப்பு தளர்ந்துபோனது. 1938இல் அலிகாரில் தொடங்கிய வகுப்பு சில ஆண்டுகளே நடந்தது. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் தொடங்கியது, பிரிவினைக்குப் பின் டெல்லிக்குக் குடிபெயர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இதழியல் வந்தது 1947இல். பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக வந்தன. பேப்பர் மட்டும் வேறெங்கோ அச்சாகிக்கொண்டிருந்தது. 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய ஆதித்தனார், தன் செய்தியாளர்களுக்குத் தானே கையேடு எழுதினார். எங்கள் டீக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டுப் புரிந்துகொண்ட தமிழ் அங்கே உருவானதுதான். 1980களில் விகடன் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டம் கல்லூரிப் பிள்ளைகளைப் படிக்கும்போதே ஊர் ஊராகச் செய்தி சேகரிக்க அனுப்பியது. அடையாறில் விட்டுப்போன நூலைப் பல்கலைக்கழகங்களைவிடப் பத்திரிகைகளே கையில் எடுத்தன என்று சொல்லலாம்.

அப்படியென்றால் பெரியப்பா சொன்னதுதானே சரி, கல்லூரி எதற்கு? படித்து முடித்துப் பல வருடம் கழித்துத்தான் எனக்கு இதற்கு விடை பிடிபட்டது. செய்தி அறை வேகத்தைக் கற்றுத்தரும். நேரத்தை அதனால் தர முடியாது. ஒரு கேள்வியை ஆறு மாதம் கையில் வைத்துக்கொண்டு அலைய அனுமதிக்கிற ஒரே இடம் கல்லூரிதான். அந்த நேரத்தை எதில் செலவழிக்கிறோம் என்பதில்தான் படிப்பின் பலன் இருக்கிறது.

எங்கள் பள்ளத்தாக்கிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். முல்லைப் பெரியாறு தண்ணீரில் முதல் போகத்துக்கு ஜூன் 1 அன்று அணை திறப்பது மரபு. ஒவ்வொரு முறையும் செய்தியில் ஒரு எண் வரும்: லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் பாசனம். உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, தேனியில் 2,412, போடியில் 488 என்று பிரித்தும் போடுவார்கள். கூட்டினால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வயல் நடுவே வீட்டுமனைக் கல் ஊன்றியிருப்பதையும், நெல் நின்ற இடத்தில் தென்னையும் திராட்சையும் நிற்பதையும் பஸ்ஸில் போகிறவர்களே பார்க்கிறார்கள். அப்புறம் எப்படி எண் மட்டும் மாறாமல் இருக்கிறது? செய்திக்குறிப்பில் இருப்பது ஆயக்கட்டு, அதாவது பாசன உரிமை பெற்ற பரப்பு. இந்தப் போகத்தில் உண்மையில் நட்ட பரப்பு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருக்கும். தாலுகா நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, விளம்பரமும் அவர்களே பிடிக்க வேண்டும். அவர்கள் ஊர் ஊராகப் போய் அடங்கல் பார்ப்பார்களா? ஒரு மூன்றாம் ஆண்டு மாணவர் பார்க்கலாம். தர மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம். பதிலுக்கு 30 நாள். செய்தி அறைக்கு 30 நாள் என்பது யுகம், கல்லூரியில் அது ஒரு பருவத்தின் கால் பகுதி.

இதைவிடச் சங்கடமான உதாரணம் பென்னிகுவிக். எங்கள் பக்கம் அவர் படம் இல்லாத ஊர் குறைவு. ஜனவரி 15, அவர் பிறந்த நாளில், பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்று குழந்தைகூடச் சொல்லும். ஆனால் 1895இல் முடிந்த அந்த அணை சென்னை அரசாங்கம் பணம் ஒதுக்கிக் கட்டியது. திட்டத்தில் வேலைபார்த்த பொறியாளர் மெக்கன்சி 1899இல் அதன் வரலாற்றை ஒரு புத்தகமாகவே எழுதினார். சொத்து விற்ற கதைக்கு ஆவணம் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டால் ஊரில் கோபப்படுவார்கள். 2021இல் மதுரையில் நூலகம் கட்டத் தேர்ந்தெடுத்த இடம் பென்னிகுவிக் வாழ்ந்த வீடு என்று சர்ச்சை எழுந்தபோது, அவர் 1911இல் இறந்துவிட்டார், கட்டடம் அதற்குப் பிறகு வந்தது என்று அரசு பதில் சொன்னது. இரண்டு தேதிகளில் தீர்ந்துவிடக்கூடிய விஷயம் அது. அந்தத் தேதிகளைத் தேடாமலேயே பல நாள் செய்தி ஓடியது.

கதை பொய்யென்றால் அந்த மனிதர் சிறியவராகிவிடுவாரா? காட்டு மழையும் காய்ச்சலும் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த மலையில், மேற்கே போன ஆற்றைக் கிழக்கே திருப்பியவர் அவர். அங்கே செத்துப்போன கூலிகளுக்கு மணிமண்டபம் இல்லை. கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களைப் பற்றிய கேள்வியே வராது.

இது வெறும் பழங்கதை ஆர்வமும் அல்ல. 2011 டிசம்பரில் எங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தபோது வெளியூர்ச் செய்தியாளர்கள் வந்து குவிந்தார்கள். கேரளப் பத்திரிகைகளில் அது உடையப்போகும் அணை, தமிழ்ப் பத்திரிகைகளில் பறிபோகும் தண்ணீர். 152 அடி ஏன் 1979இல் 136 ஆனது, 2006இல் உச்ச நீதிமன்றம் எதை வைத்து 142 வரை அனுமதித்தது, கேரளம் சட்டம் போட்டு அதை எப்படித் தடுத்தது, 2014 மே 7 தீர்ப்பு அந்தச் சட்டத்தை ஏன் செல்லாதென்றது என்று அமைதியாகச் சொல்ல இரு பக்கமும் ஆள் குறைவு. அதைச் சொல்லக்கூடியவர் கம்பத்திலோ கூடலூரிலோ பிறந்து, தீர்ப்பை முழுதாகப் படிக்க நேரம் கிடைத்தவராகத்தான் இருக்க முடியும்.

அதனால் இன்று இதழியல் படிக்க வருகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். கேமராவும் எடிட்டிங்கும் வேலைக்குப் போன மூன்றே மாதத்தில் கைக்கு வந்துவிடும். பாசனமோ, வனச் சட்டமோ, ஏலக்காய்ச் சந்தையோ, ஏதாவது ஒன்றை முழுசாகப் படித்து வையுங்கள். இதழியல் சீட்டு கிடைக்கவில்லையா, உத்தமபாளையத்தில் 1956 முதல் இருக்கிற ஹவுதியா கல்லூரியில் வேறு பாடம் எடுத்துப் படியுங்கள். எதைப் படித்தாலும் பதிவேட்டைப் படிக்கப் பழகலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு தடவையாவது போய்வாருங்கள். பேரூராட்சித் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எழுதியதை வாத்தியார் மேசையோடு விட்டுவிடாமல், அந்த ஊர்க்காரர் படிக்கிற இடத்தில் அச்சில் கொண்டுவாருங்கள். அடுத்த ஜூன் 1 செய்தியில் 14,707க்குப் பக்கத்தில், அதில் எத்தனை ஏக்கரில் நெல் நட்டார்கள் என்ற இரண்டாவது எண்ணும் வரட்டும். அதை எழுதுகிறவர் உங்களில் ஒருவராக இருக்கட்டும்.