மேடையில் நடுங்கியவர் வியாபாரிகளுக்கு வாத்தியார் ஆன கதை



அடுத்த மாதம் எங்கள் வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் ஒரு தொழில் திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். போன தடவை நான் "அனைவருக்கும் வணக்கம்" என்றதோடு சரி. அப்புறம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என் வகுப்புத் தோழர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகவே ஞாபகம் இருக்கும்!

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும்போது அடி அண்ணாமலையில் ஒரு ருத்திராட்சக் கடையில் நின்றேன். கடைக்கார அண்ணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் ஒரு வெளிநாட்டு அம்மாவிடம் ஐந்து முகம் எது, ஆறு முகம் எது, விலை ஏன் மாறுகிறது என்று ஆங்கிலத்தில் விளக்கி, விற்றும் விட்டார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "இங்க தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெரியவர் தினம் சாயங்காலம் கடைக்கே வந்து சொல்லிக் குடுத்தார் தம்பி. எனக்கு என்ன வேணுமோ அதை மட்டும்" என்றார்.

உடனே எனக்குக் காந்தியின் 'சத்திய சோதனை' ஞாபகம் வந்தது.

1888-ல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தி, ஆங்கிலக் கனவான் ஆக ஆசைப்பட்டு நடனம், வயலின் எல்லாம் முயன்று பார்த்தார். கூடவே பேச்சுக்கலைக்கும் ஒரு ஆசிரியரைத் தனியாக அமர்த்தினார். முன்பணம் ஒரு கினி. பாடப்புத்தகம், பெல் எழுதிய பேச்சுக்கலை நூல். (இதை எழுதிய சகோதரர்களில் ஒருவர் யார் தெரியுமா? தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லின் அப்பா!) முதல் பாடம், பிட் என்ற ஆங்கிலேய அரசியல்வாதியின் சொற்பொழிவு. இரண்டு மூன்று வகுப்போடு காந்தி நிறுத்திவிட்டார். வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்திலா இருக்கப் போகிறோம், இது எதற்கு என்று தோன்றிவிட்டது.

பயம் மட்டும் போகவில்லை. 1891-ல் ஊர் திரும்பியபின் பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கு, கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். அந்த வழக்குக்கு 51 ரூபாயில் வேறு வக்கீலை அமர்த்த வேண்டியதாயிற்று.

அப்படிப்பட்டவர் 1893-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், இந்திய வியாபாரிகள் கூட்டத்தில் பேசினார். அதுதான் தன் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று அவரே எழுதுகிறார். விஷயம் என்ன? வியாபாரத்தில் உண்மை! வியாபாரத்தில் உண்மை பேசினால் பிழைக்க முடியாது என்று சொன்னவர்களிடமே போய், அது தப்பு என்றார். விஷயத்தை நன்றாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தார்.

அந்தக் கூட்டத்தில், ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு நானே கற்றுத் தருகிறேன் என்றும் சொன்னார். வந்தவர்கள் மூன்றே பேர்: ஒரு முடிதிருத்துபவர், ஒரு குமாஸ்தா, ஒரு சிறு கடைக்காரர். வகுப்பறை கிடையாது. அவர்களுக்கு வசதிப்பட்ட நேரத்தில் அவர்கள் இடத்துக்கே காந்தி போனார். சில நாள் அவர்கள் வேலையில் மும்முரமாக இருப்பார்கள். அதற்காக இவர் சலித்துக்கொள்ளவில்லை. சுமார் எட்டு மாதத்தில் இருவர் கணக்கு வைக்கவும் வியாபாரக் கடிதம் எழுதவும் கற்றார்கள். முடிதிருத்துபவருக்கு வாடிக்கையாளரிடம் பேசுகிற அளவு போதும். அவர் அந்த அளவோடு நின்றுகொண்டார்.

கவனித்தீர்களா? லண்டனிலும் தனிப்பயிற்சிதான், பிரிட்டோரியாவிலும் தனிப்பயிற்சிதான். லண்டனில் பாடத்தைப் புத்தகம் முடிவு செய்தது. பிரிட்டோரியாவில் படிப்பவரின் தேவை முடிவு செய்தது. அடி அண்ணாமலை அண்ணன் "எனக்கு என்ன வேணுமோ அதை மட்டும்" என்று சொன்னதும் இதைத்தானே?

அதனால் நானும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இணையத்தில் எடுத்த பெரிய மனிதர்களின் பேச்சை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த கிரிவலப் பாதைக் கடைகளைப் பற்றியே பேசப் போகிறேன். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, தடுக்கும் இடத்தில் நிறுத்தித் திருத்துகிறார். நேற்று நாலு நிமிடம் நிற்காமல் பேசிவிட்டேன்.

இன்னும் ஆறு நிமிடம் பாக்கி. என்ன ஆனது என்று அடுத்த மாதம் சொல்கிறேன்!