ஆயில் சேம்பரும் நான் திருப்பிய பில்லும்

எழுபதுகளில் காரைக்காலில் நான் எழுத்தராக இருந்த அலுவலகத்தில் ஒரு பழைய டிராக்டர் இருந்தது. என்ஜினுக்கு அடியில் ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். ஒர்க்‌ஷாப் பாய் ஆயில் சேம்பரைக் கழற்றிப் பேக்கிங் மாற்றிவிட்டு, இரண்டு ஆளுக்கு மூன்று நாள் கூலி என்று பில் கொடுத்தார். அரை நாள் வேலைக்கு மூன்று நாளா என்று குறிப்பெழுதி பில்லைத் திருப்பினேன்.

என் தவறுக்கு நான் படித்த பிரெஞ்சும் ஒரு காரணம். பிரெஞ்சில் அதற்கு ‘கார்த்தேர்’ என்று பெயர். சைக்கிள் சங்கிலிக்கு உறை செய்த ஓர் ஆங்கிலேயரின் பெயரிலிருந்து வந்த சொல். உறைதானே, கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துவிட்டேன். கார்களில் அது தகட்டில் அடித்த ஏனம்தான்.

பாய் சண்டைக்கு வரவில்லை. அடுத்த மாதம் அதே மாதிரி இன்னொரு வண்டியைப் பிரித்தபோது சைக்கிளில் வந்து, “தம்பி, ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போங்க” என்றார்.

போனேன். கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டைகள், என்ஜினுக்கு அடியில் ஜாக்கி. முன் அச்சு தனியே கிடந்தது. சேம்பர் வார்ப்பிரும்பு, இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள். “இது மூடி இல்ல தம்பி, வண்டிக்கு முதுகெலும்பு. முட்டுக் குடுக்காமக் கழட்டுனா வண்டி நடுவுல மடங்கிப் போயிடும்” என்றார்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதைப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆரம்பகால டிராக்டர்களுக்குக் கனத்த இரும்புச் சட்டம் உண்டு. என்ஜின் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். 1913-இல் அமெரிக்காவில் வந்த வாலிஸ் கப், கொதிகலன் தகட்டை வளைத்துச் சட்டமாகவும் அடிமூடியாகவும் வைத்துக்கொண்டது. 1917-இல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் சட்டத்தையே ஒழித்தது. என்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றையும் வரிசையாகப் போல்ட் போட்டு இணைத்து, அதையே வண்டியின் உடம்பாக்கினார்கள். இரும்பு மிச்சம், விலையும் குறைவு. ஹாரி ஃபெர்குசனும் அதே வழியில் போனார். 1946 முதல் பத்து ஆண்டுகளில் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் அவருடைய டி.இ.20 ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானது. பிரான்சிலும் செய்தார்கள், அந்த ஊர் விவசாயிகள் அதைப் ‘பெத்தி கிரி’, சின்னச் சாம்பல், என்று செல்லமாக அழைத்தார்கள். தொழிற்சாலையில் மிச்சமான வேலை கடைசியில் மெக்கானிக் தலையில் வந்து விழுந்தது.

மாட்டுவதுதான் இன்னும் கஷ்டம். சேம்பரின் பின்முகமும் என்ஜின் பிளாக்கின் பின்முகமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால், கியர்பாக்ஸோடு சேர்த்து முறுக்கும்போது வார்ப்பு விரிசல் விடும். பாய் இரும்பு அடிக்கோலை வைத்துப் பார்ப்பார், போல்டைத் தளர்த்துவார், சுத்தியலால் லேசாகத் தட்டுவார், மறுபடி வைத்துப் பார்ப்பார். அந்த ஒரு வேலைக்கே மத்தியானம் போய்விட்டது.

மறுநாளே குறிப்பைத் திருத்தி எழுதினேன். ஆனால் ஒரு தரம் திரும்பிய பில் அவ்வளவு சுலபத்தில் நகருமா? பணம் அவர் கைக்குப் போக ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் ரம்ஜான் வந்து போய்விட்டது.