வீடு சேர்க்கும் கட்டுச்சோறு

பள்ளிக்கூடம் கிளம்பும் ஐஸ்லாந்துப் பிள்ளையின் பையிலிருக்கும் சாப்பாட்டுக்கு ‘நெஸ்டி’ என்று பெயர். நார்வேயில் அதுவே ‘நிஸ்தெ’. மலையேறப் போகிற நார்வேக்காரர் ரொட்டித் துண்டுகளின்மேல் பழுப்புநிறப் பாலாடைக்கட்டியைச் சீவி வைப்பார். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவே மெல்லிய தாளைக் கொடுத்துப் பொட்டலமாக மடித்துக்கொள்வார். நம் கட்டுச்சோறுதான். ஆனால், நம் சொல் கட்டியிருப்பதைச் சொல்கிறது. அவர்கள் சொல் எதற்காகக் கட்டினார்கள் என்பதைச் சொல்கிறது.

பழைய நார்ஸ் மொழியில் இது ‘நெஸ்ட்’. பறவைக் கூட்டுக்கான ஆங்கிலச் சொல்லும் காதில் இப்படியே விழும், இரண்டுக்கும் உறவில்லை. இதன் வேர் ‘நெஸ்’. உயிர் தப்புதல், நலமாகத் திரும்புதல் என்று பொருள். நோயிலிருந்து தேறுவதைச் சொல்லும் ஜெர்மன் சொல் ‘கெனேசன்’, உணவூட்டுவதைச் சொல்லும் ‘நேரன்’ இரண்டும் இந்த வேரில் முளைத்தவை. 4ஆம் நூற்றாண்டில் பைபிளைக் கோத் மொழிக்குக் கொண்டுவந்த உல்ஃபிலா, இரட்சகரை ‘நஸ்யண்ட்ஸ்’ என்றார். டிராய்ப் போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியதைக் கிரேக்கர் சொன்ன ‘நோஸ்டோஸ்’ என்ற சொல்லும் இக்குடும்பம்தான். வழிச்சோறு என்றதும் நமக்கு வயிறு நினைவுக்கு வரும். இந்தச் சொல்லை உண்டாக்கியவர்களுக்கு நினைவுக்கு வந்தது வீட்டு வாசல். இதைவிட மனத்தைத் தொடும் பெயர்க்காரணம் ஒன்றை நான் கண்டதில்லை.

அவர்கள் பயணம்போன வடக்குக் கடலைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. வழிக்கு எடுத்துச்செல்ல ஏற்றது உலர்மீன். நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் காட் மீனை உப்பே போடாமல், வாலோடு வால் சேர்த்து ஜோடியாகக் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். பிப்ரவரி முதல் மே வரை குளிர்காற்று அதைக் கட்டைபோல இறுக்கிவிடும். அதை அடித்து நார்நாராகப் பிய்த்து வெண்ணெய் தடவித் தின்பார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது. அது நெடுந்தூரம் போனதற்குச் சான்றும் உண்டு. இன்றைய ஜெர்மனியின் வடகோடியில் இருந்த ஹைதாபு துறைமுகத்தில் வைக்கிங் காலத்துக் காட் எலும்புகள் கிடைத்தன. அவை வடகோடி நார்வேக் கடலின் மீன் என்று 2017இல் மரபணு ஆய்வு காட்டியது.

மீனுக்கு அடுத்தது மாவும் வெண்ணெயும். ஐஸ்லாந்தில் முதலில் குடியேறியவர்களைப் பற்றிய ‘லாண்ட்நாமபோக்’ நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. குடியேற வந்த ஹ்யோர்லெய்ஃபின் கப்பலில் குடிநீர் தீர்ந்துபோகிறது. அவர் பிடித்துவந்த ஐரிஷ் அடிமைகள் மாவையும் வெண்ணெயையும் சேர்த்துப் பிசைகிறார்கள். இதைத் தின்றால் தாகம் எடுக்காது என்று சொல்லி ‘மின்தாக்’ என்று பெயரும் வைக்கிறார்கள். பிசைந்து முடிக்கும் நேரம் பெருமழை. கூடாரத் துணியில் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறார்கள். மின்தாக்கில் பூஞ்சை பிடிக்கவே கடலில் எறிந்துவிடுகிறார்கள். அது கரையொதுங்கிய இடத்துக்கு மின்தாக்ஸெய்ர் என்று பெயர் வந்ததாம். வீணாய்ப்போன ஒரு பிசைமாவு ஊர்ப்பெயராகும் அளவுக்குக் கட்டுச்சோறு அவர்களுக்குப் பெரிய விஷயம்.

ஓடின் தெய்வத்தின் வாக்காக வரும் ‘ஹாவமால்’ அறப்பாடலிலும் ‘நெஸ்ட்’ என்ற சொல் வருகிறது. அப்பாடல் உள்ள கன்றுத்தோல் சுவடி ஏறத்தாழ 1270இல் எழுதப்பட்டது. எடுத்துவந்த உணவின்மேல் நம்பிக்கை உள்ளவனுக்கே இருட்டுவதில் மகிழ்ச்சி என்ற கருத்தை அது சொல்கிறது. இலையுதிர்கால இரவு நிலையில்லாதது, ஐந்து நாளில் வானிலை பலமுறை மாறும் என்ற கவலையும் கூடவே வருகிறது. கடலில் இராத் தங்கியவன் பேச்சு இது. இன்னோரிடத்தில் பாடல் சொல்லின் பொருளை விரிக்கிறது: வழிநடைக்கு அறிவே சிறந்த சுமை, மட்டுமீறிய குடிதான் மிக மோசமான ‘வெக்நெஸ்ட்’. ‘வெக்’ என்றால் வழி. சோற்றுமூட்டைக்குள் அறிவும் பழக்கமும் அப்போதே ஏறிவிட்டன.

13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி எழுதிய கதையில் தோர் தெய்வமும் தோழர்களும் ஸ்க்ரீமிர் என்ற அரக்கனோடு நடக்கிறார்கள். எல்லாருடைய சாப்பாட்டையும் ஒரே ‘நெஸ்ட்பக்கி’யில், அதாவது சோற்றுமூட்டையில், கட்டி அவன் முதுகில் போட்டுக்கொள்கிறான். இரவில் தோர் எவ்வளவு முயன்றும் ஒரு முடிச்சுகூட இளகவில்லை. மூட்டை இரும்பால் கட்டப்பட்டிருந்தது பிறகுதான் தெரிகிறது. உலகைக் காக்கும் சுத்தியல் கையிலிருந்தும் அன்று அவர் பட்டினி. சோறு இருந்தால் போதாது, அவிழ்க்கவும் வர வேண்டும் என்று படுகிறது, இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம்.

‘வெகநெஸ்டி’ இன்றும் ஐஸ்லாந்தில் புழங்குகிறது. வீட்டிலும் பள்ளியிலும் பெற்று, வாழ்க்கைக்குள் எடுத்துச்செல்வதையெல்லாம் அப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலம் இச்சொல்லைத் தொலைத்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் ‘வெக்நெஸ்ட்’ இருந்தது. பீட் என்ற துறவி எழுதிய திருச்சபை வரலாற்றின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில், விட்பி மடத்துக் கவிஞர் கேட்மன் சாகும் இரவில் அச்சொல் வருகிறது. நற்கருணை வாங்கிக்கொள்கிறார், மொழிபெயர்த்தவர் அதை விண்ணுலக வெக்நெஸ்ட் என்கிறார். சகோதரர்கள் இரவு வழிபாட்டுக்கு எழ இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்மன் கேட்கிறார். அதிக நேரமில்லை என்கிறார்கள். சரி, காத்திருப்போம் என்று சொல்லிவிட்டுத் தலையணையில் தலைசாய்த்துத் தூங்கிப்போகிறார்.