ஐந்தடி வழி யாருடையது?

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தாழ்வாரத்தின் அருமை தெரியும். கூரை இறங்கிய அந்தக் குறுகிய இடத்தில்தான் பாட்டி வெற்றிலை இடிப்பாள். பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். மழை நாளில் அதன் வழியாகவே கடைசி வீடு வரை நனையாமல் போய்விடலாம். தரை பெயர்ந்துவிட்டால் கிராணியிடம் சொல்வோம். கிராணி துரையிடம் சொல்வார். செய்வதும் செய்யாததும் துரையின் விருப்பம். ஆனாலும் யாரிடம் சொல்வது என்ற குழப்பம் மட்டும் நமக்கு இருந்ததில்லை.

சிங்கப்பூர் நகரத்திலும் இப்படி ஒரு தாழ்வாரம் உண்டு. கடைவீடுகளின் முன்னால், மாடி நிழலில், வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஓடுகிற நடைவழி அது. மலாய்க்காரர்கள் அதைக் 'காக்கி லீமா' என்றார்கள். ஐந்தடி என்று பொருள். நம்மவர் வாயில் அது 'அஞ்சடி' ஆயிற்று. அந்த அஞ்சடி யாருடையது என்ற கேள்வி ஓர் ஊரையே ஒருமுறை கலவரத்தில் ஆழ்த்தியது.

1822 நவம்பரில் ஸ்டாம்ஃபோர்டு ராபிள்ஸ் நகர அமைப்புக்கென ஒரு குழு அமைத்து, அதற்குக் கட்டளைகள் எழுதிக் கொடுத்தார். அவற்றுள் ஒன்று, தெருவின் இரு பக்கமும் ஒவ்வொரு வீட்டின் முன்னும் தாழ்வாரம் விட வேண்டும், அது கூரையிட்ட தொடர்வழியாக எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊருக்கு நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. கட்டியவர் அவரவர் வசதிக்கு ஏற்ற உயரத்தில் தளம் போட்டார். ஒரு கடை வாசல் முழங்கால் உயரம் என்றால், அடுத்தது கணுக்கால் உயரம். நடுவே ஒரு படி, சில இடங்களில் மூன்று படி. தலைச்சுமைக்காரர் தட்டுத் தடுமாறி ஏறி இறங்கினார். கண் தெரியாதவரும் கால் முடியாதவரும் வண்டிகள் ஓடும் தெருவிலேயே இறங்கி நடந்தார்கள்.

அந்தத் தெருக்களைப் போட்டவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் சிங்கப்பூரின் சாலைகளையும் பாலங்களையும் கட்டினார்கள். பிறகு நகராட்சியின் சாலை வேலையிலும் சாக்கடை வேலையிலும் தமிழ்த் தொழிலாளர் மிகுதியாகச் சேர்ந்தனர். தோட்டத்துக்கு நம் முன்னோரைக் கொண்டுவந்த அதே கடல்தான் அவர்களையும் கொண்டுவந்தது.

நாளடைவில் அஞ்சடியில் கடைகள் பரவின. அரிசி மூட்டை, துணிக்கட்டு, சாப்பாட்டுத் தட்டு, செருப்புத் தைப்பவர், நாவிதர் எல்லாரும் அங்கே வந்துவிட்டார்கள். 1887-இல் புதிய நகராட்சிச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நகராட்சி ஆட்கள் அஞ்சடிகளைக் காலி செய்யக் கிளம்பினார்கள். கடைக்காரர்கள் கதவை அடைத்தார்கள். மூன்று நாள் ஊர் அடங்கிக் கிடந்தது. டிராம் வண்டிகள்மீது கற்கள் விழுந்தன. கடைசியில், நடக்க வழி விட்டால் மிச்ச இடத்தில் சாமான் வைத்துக்கொள்ளலாம் என்று சமரசம் ஆயிற்று.

அதிகாரிகள் சொன்னது நியாயமே. ஆனால் அஞ்சடியில் பிழைத்தவனுக்கு வேறு இடம் எங்கே என்று அவர்கள் முதலில் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. சாமான் சண்டை இப்படி ஓய்ந்தது. படிகள் மட்டும் நூறு ஆண்டு அப்படியே இருந்தன.

இனி நம் காலத்துக்கு வருவோம். சிங்கப்பூரின் வடகோடியில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி இருப்பது கிராஞ்சி. முன்பு கம்பீரும் மிளகும் பயிரான பக்கம். அங்கே வசிக்கும் ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தேக்காவுக்குப் போய்க் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் வாங்கி வர வேண்டும். 1987-இல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியபோது நிலையங்களில் அவருக்கென மின்தூக்கி கிடையாது. 1996-இல்தான் கிராஞ்சிக்கு ரயில் வந்தது. 2003-இல் திறந்த வடகிழக்குத் தடம்தான் தொடக்கத்திலிருந்தே அவரையும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. தேக்காவில் உள்ள லிட்டில் இந்தியா நிலையம் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. பழைய நிலையங்களுக்கு மின்தூக்கிகள் பிறகு சேர்க்கப்பட்டன.

இவை தாமாக வந்துவிடவில்லை. கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் ரான் சந்திரன்-டட்லி, கண்பார்வை இழந்தவர். 1981-இல், ஐக்கிய நாடுகள் அறிவித்த உடற்குறையுற்றோர் ஆண்டில், பல நாட்டு உடற்குறையுற்றோர் சிங்கப்பூரில் கூடித் தங்களுக்கென ஓர் உலக அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் இவர். 1986-இல் சிங்கப்பூரிலும் ஒரு சங்கம் எழுந்தது. இரக்கப்பட்டு யாரோ கொடுப்பதை வாங்கிக்கொள்ளாமல், வழி எங்களுக்கும் உரியது என்று இவர்கள் பேசினார்கள். 1990-இல், புதிய கட்டடங்களில் தடையில்லா வழி இருக்க வேண்டும் என்ற விதித்தொகுப்பு வந்தது. 2006 முதல் நிலப் போக்குவரத்து ஆணையம் நடைபாதை விளிம்புகளைச் சரிவாக்கியும் பேருந்து நிறுத்தங்களைச் சீர்செய்தும் வந்தது.

ஆனால் 'யாருடையது' என்ற பழைய கேள்வி விடவில்லை. 2014 தேசிய தினப் பேருரையில் பிரதமர் லீ சியன் லூங் ஒரு கதை சொன்னார். புக்கிட் கொம்பாக் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு நடைபாதை அழுக்காகக் கிடந்தது. விசாரித்தால், இடப்பக்கச் சரிவு நில ஆணையத்துக்கு, நடுவில் உள்ள வழி தேசியப் பூங்காக் கழகத்துக்கு, சாலையோர நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு! அங்கே கிடந்த மீன் உருண்டைக் குச்சியை எடுக்க வேண்டியவர் யார் என்று சொல்லி அவையைச் சிரிக்க வைத்தார். அந்த ஆண்டு அக்டோபரில் நகராட்சிச் சேவை அலுவலகம் தொடங்கியது. புகாரை ஒரே இடத்தில் சொன்னால் போதும், உரிய துறையைத் தேடிப் போவது அவர்கள் வேலை என்பது அதன் ஏற்பாடு. 2015-இல் கைபேசிச் செயலியும் வந்தது.

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளுக்கு 1989-இல் பாதுகாப்புத் தகுதி கிடைத்தது. அதனால் அவற்றின் முகப்பு பிழைத்தது. சில வாசல்களுக்கிடையே படிகளும் பிழைத்திருக்கின்றன. பழமையைக் காப்பதா, நாற்காலிக்கு வழி விடுவதா என்பது ஒவ்வொரு வாசலாகப் பேசித் தீர்க்க வேண்டியது. சில இடங்களில் சிறு சாய்தளம் போட்டு முடித்திருக்கிறார்கள்.

பெயர்ந்த கல்லையோ ஏற முடியாத படியையோ கண்டால், சிங்கப்பூரில் இருக்கும் உறவினரிடம் இதைச் சொல்லுங்கள்: 'ரோடு சரியில்லை' என்று மட்டும் எழுதினால் ஆள் வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போவார். அங்கே தெருவிளக்குக் கம்பங்களில் எண் எழுதியிருக்கும். பக்கத்துக் கம்பத்தின் எண்ணையும், படி எத்தனை அங்குலம் என்பதையும், அந்த வழியே தினமும் போகிறவர் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.