முகூர்த்த நேரமும் மூணு லென்ஸும்: 1840-லிருந்து உங்க கேமரா பை வரைக்கும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்கிறேன். என்னோட தோல்விதான்.

கையில கேமரா வச்சிருக்கிற எல்லாரும் ஒரு நாள் கேட்டே தீர வேண்டிய வசனம் ஒண்ணு இருக்கு. "நீதான் நல்லா போட்டோ எடுப்பியே, நம்ம வீட்டுக் கல்யாணத்தை நீயே எடுத்துடேன்." எனக்கு அதைச் சொன்னது என் அத்தை. பொண்ணுக்குக் கோயில்ல கல்யாணம், சொந்தக்காரங்க மட்டும், சின்னதா. விடியறதுக்கு முன்னாடியே முகூர்த்தம். நான் கேமராவோட வந்த 18-55 கிட் லென்ஸை மாட்டிக்கிட்டு ரொம்பத் தைரியமா போய் நின்னேன்.

உள்ளே போனா நாலு டியூப் லைட், ஒரு குத்துவிளக்கு, ஓமப் புகை. ஃபிளாஷ் போடக் கூடாதுன்னு குருக்கள் முதல்லயே சொல்லிட்டார். கெட்டி மேளம் கேட்டதும் முழுசா ஜூம் பண்ணி ஏழு படம் எடுத்தேன். ஏழுலயும் மாப்பிள்ளையோட கை வெறும் கலங்கலான கோடு. தாலி எங்கேன்னே தெரியல.

அத்தை திட்டல. "பரவாயில்ல கண்ணு"ன்னு சொன்னாங்க. ஆனா ஆல்பத்துல அந்தப் பக்கத்துல இருக்கிறது, பக்கத்துல நின்ன ஒரு மாமா போன்ல எடுத்த படம். அந்தப் பக்கம் வரும்போது நான் இப்பவும் தண்ணி குடிக்க எழுந்து போயிடுவேன்.

என்ன தப்பு பண்ணேன்னு தேட ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட். தேடத் தேட அது 1840 வரைக்கும் போயிடுச்சு.

ராணிக்கே கிடைக்காத கல்யாணப் படம்

1840 பிப்ரவரி 10. லண்டன்ல விக்டோரியா ராணிக்கும் இளவரசர் ஆல்பர்ட்டுக்கும் திருமணம். அப்போ உலகத்துலயே அதிகம் பேசப்பட்ட கல்யாணம் அது. அதுக்கு ஒரு புகைப்படம்கூட கிடையாது.

இத்தனைக்கும் புகைப்படம் அப்போ கண்டுபிடிச்சாச்சு. பாரிஸ்ல 1839 ஆகஸ்ட்ல டாகரோட முறையை ஊரறிய அறிவிச்சாச்சு. பிரச்சினை வெளிச்சம். நல்ல வெயில்லயே ஒரு படத்துக்குப் பல நிமிஷம் ஆகும். 1838-ல் டாகர் எடுத்த ஒரு பாரிஸ் தெருப் படம் ரொம்பப் பிரபலம். பரபரப்பான தெரு, ஆனா படத்துல ஆளே இல்ல. நடந்து போனவங்க யாரும் பதியல. ஷூவுக்குப் பாலிஷ் போட ஒரே இடத்துல நின்ன ஒருத்தர் மட்டும் பதிஞ்சிருக்கார். அந்தக் கேமராவை நம்ம மண்டபத்துல வச்சா என்ன ஆகும்? வாழை மரமும் குத்துவிளக்கும் பதியும். பொண்ணு மாப்பிள்ளை பதிய மாட்டாங்க.

இணையத்துல "விக்டோரியா கல்யாண போட்டோ"ன்னு ஒண்ணு சுத்துது, பார்த்திருப்பீங்க. அது 1854-ல் ரோஜர் ஃபென்டன் எடுத்தது. கல்யாணம் முடிஞ்சு 14 வருஷம் ஆனப்புறம், அரசவை உடையில நின்னு எடுத்த படம். கல்யாண உடையே இல்ல அது.

கணக்கு வாத்தியார் கொண்டுவந்த வெளிச்சம்

அதே 1840-ல் வியன்னாவுல ஜோசஃப் பெட்ஸ்வால்னு ஒரு கணிதப் பேராசிரியர் இந்தப் பிரச்சினையில இறங்கினார். அதுவரைக்கும் லென்ஸ் பண்றது கைத்தொழில். கண்ணாடியைத் தேய்ச்சுப் பார், சரியா வரலைன்னா மறுபடியும் தேய். பெட்ஸ்வால் முதல்ல பேப்பர்ல கணக்குப் போட்டார். அதுக்கு உதவியா ஆஸ்திரியப் பீரங்கிப் படையில இருந்து கணக்குத் தெரிஞ்ச வீரர்களைக் கொடுத்தாங்க. குண்டு எங்கே விழும்னு கணக்குப் போட்டவங்க, ஒளிக்கதிர் எங்கே விழும்னு கணக்குப் போட்டாங்க.

கிடைச்சது எஃப் 3.6 லென்ஸ். இந்த எஃப் எண்ணை ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா போதும், மீதி எல்லாம் சுலபம். லென்ஸோட குவியத் தூரத்தை அது திறக்கிற வாயோட விட்டத்தால வகுத்தா வர்ற எண் அது. எண் சின்னதா இருந்தா வாய் பெருசு, வெளிச்சம் அதிகம். எண் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு. டாகர் கேமராவுல இருந்த லென்ஸ் சுமார் எஃப் 15. அதோட ஒப்பிட்டா பெட்ஸ்வால் லென்ஸ் ஏறக்குறைய 16 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டுச்சு. தட்டுல பூசுற ரசாயனமும் அதே காலத்துல மேம்பட்டதால, நிமிஷக் கணக்குல உட்கார வேண்டிய இடத்துல ஒரு நிமிஷத்துக்கும் குறைவா உட்கார்ந்தா போதும்னு ஆச்சு. மனுஷ முகத்தைப் படம் எடுக்கிற தொழிலே அங்கேதான் காலூன்றுது.

லென்ஸைத் தயாரிச்சது வோய்க்ட்லேண்டர் நிறுவனம். பெட்ஸ்வாலுக்கு ஒரு தொகையை மொத்தமா கொடுத்து முடிச்சுட்டாங்க. லாபம் பெருகப் பெருக ரெண்டு பேருக்கும் சண்டை முத்திப் பிரிஞ்சாங்க. அது தனி எபிசோடுக்கான கதை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேற விஷயம். என் கிட் லென்ஸ் 55 மி.மீ.க்கு ஜூம் பண்ணும்போது எஃப் 5.6. கணக்குப் போட்டுப் பாருங்க. 1840-ல் வந்த லென்ஸ் அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல வெளிச்சம் வாங்கும்! நான் கோயிலுக்குள்ள கொண்டுபோனது, விக்டோரியா கல்யாண வருஷத்து லென்ஸைவிட மெதுவான லென்ஸ்.

பெட்ஸ்வால் லென்ஸுக்கும் ஒரு குறை உண்டு. படத்தோட நடு கூர்மையா இருக்கும், ஓரம் சுழல் மாதிரி கலங்கிடும். அவர் காலத்துல அது பிழை. 2013-ல் லோமோகிராஃபி நிறுவனம் அதே சுழலுக்காகவே கூட்டு நிதி திரட்டி புது 85 மி.மீ. பெட்ஸ்வால் லென்ஸ் கொண்டுவந்தது. இன்னைக்கு நாம பொக்கேன்னு சொல்லி உருகுறது ஒருகாலத்துக் குறைதான்.

இருட்டுக்குள்ள புகுந்த வக்கீல்

அடுத்த சிக்கல், கட்டடத்துக்குள்ள எடுக்கிறது. 1887-ல் ஜெர்மனியில ஃபிளாஷ் பவுடர் வந்துச்சு. பத்த வச்சா பளீர்னு எரியும், புகை எழும்பும். முகூர்த்தத்துல அதைப் பத்த வச்சா குருக்கள் என்ன சொல்லுவார்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

1924-ல் எர்னமான் நிறுவனத்துல இருபதுகளின் தொடக்கத்துல இருந்த லுட்விக் பெர்ட்டலே ஒரு லென்ஸை வடிவமைச்சார். பேரு எர்னோஸ்டார், எஃப் 2. சீக்கிரமே எஃப் 1.8-உம் வந்துச்சு. அதை மாட்டின எர்மனாக்ஸ் கேமராவை எடுத்துக்கிட்டு, சட்டம் படிச்ச எரிக் சாலமன் நீதிமன்றத்துக்குள்ளயும் அரசியல் தலைவர்கள் கூடுற அறைகளுக்குள்ளயும் புகுந்தார். ஃபிளாஷ் இல்ல, போஸ் இல்ல. தலைவர்கள் களைச்சுப்போய் உட்கார்ந்திருக்கிற மாதிரியே படத்துல வந்தாங்க. யூதரான சாலமனை நாஜிகள் 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்னாங்க. அவர் விட்டுப்போன முறை நம்மகிட்ட இருக்கு. பொண்ணு கண்ணைத் துடைக்கிற நேரத்துல அவங்களுக்குத் தெரியாம எடுக்கிற அந்தப் படத்துக்கு முன்னோடி அவர்தான்.

50 மி.மீ. எப்படி ஏழைக்கு எட்டுச்சு

இதுக்குள்ள லைட்ஸ் நிறுவனத்துல ஆஸ்கர் பார்னாக்னு ஒரு பொறியாளர். ஆஸ்துமா நோயாளி, பெரிய கேமராவைத் தூக்க முடியாது. சினிமாவுக்கான 35 மி.மீ. ஃபிலிமைப் போட்டு ஒரு குட்டிக் கேமரா செஞ்சார். அதுதான் 1925-ல் லைக்காவா கடைக்கு வந்துச்சு. அதுல இருந்தது 50 மி.மீ. லென்ஸ். 50 மி.மீ.யை "நார்மல்"னு இன்னைக்கும் நாம சொல்றதுக்கு வேர் அங்கே இருக்கு.

ஆனா அது எஃப் 3.5 தான். வேகமான 50-க்கான அடிப்படை வடிவம் வேற ஒரு இடத்துல தூங்கிட்டு இருந்துச்சு. 1896-லேயே ஸைஸ் நிறுவனத்துல பவுல் ருடால்ஃப் பிளானார்னு ஒரு லென்ஸ் வடிவமைச்சிருந்தார். அருமையான வடிவம். சிக்கல் என்னன்னா, காற்றைத் தொடுற ஒவ்வொரு கண்ணாடி முகமும் 4, 5 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பிளானார்ல அப்படி எட்டு முகம். கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வெளிச்சம் போயிடும். போனதோட விடாம உள்ளுக்குள்ளேயே எதிரொலிச்சுப் படத்தை வெளிறவும் வைக்கும். 1935-ல் அதே ஸைஸ்ல அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்ணாடி மேல மெல்லிய பூச்சு போடுற முறையைக் கண்டுபிடிச்சார். லென்ஸைச் சாய்ச்சுப் பார்த்தா ஊதாவா, பச்சையா மினுக்கும் பாருங்க, அதோட மூதாதை. பூச்சு பரவலானதும் பிளானார் வழி வந்த லென்ஸ்கள்தான் உலகத்தையே நிரப்புச்சு.

1990-ல் கேனான் தன் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பிளாஸ்டிக்ல செஞ்சு விலையைக் குறைச்சது. எடை வெறும் 130 கிராம். புதுசா கத்துக்கிறவங்க வாங்குற முதல் தனி லென்ஸா அது ஆயிடுச்சு.

நகர முடியாதவங்களுக்கான ஜூம்

ஒரு கேள்வி வரும். அப்படின்னா தொழில்முறை போட்டோகிராஃபர் ஏன் ஜூம் லென்ஸோட நிக்கிறாங்க? மணமேடைக்கு முன்னாடி நின்னு பாருங்க, புரியும். முன்னாடி அக்கினி, பக்கத்துல சொந்தபந்தம், பின்னாடி வீடியோக்காரர். ஒரு அடி நகர முடியாது. காலால முடியாததை லென்ஸ்தான் செய்யணும்.

ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ் 1959-ல் விற்பனைக்கு வந்துச்சு. ஃபிராங்க் பேக் வடிவமைச்ச ஸூமார், 36-82 மி.மீ., எஃப் 2.8. வித்தது யாரு? அதே வோய்க்ட்லேண்டர். ஓரங்கள்ல கூர்மை சுமார்தான். அந்தக் குறையெல்லாம் தீர பல பத்தாண்டு ஆச்சு. கேனானோட 70-200 எஃப் 2.8 வந்தது 1995, 24-70 எஃப் 2.8 வந்தது 2002. இன்னைக்குக் கல்யாணப் பையில இருக்கிற ரெண்டு பெரிய லென்ஸும் அந்த ஸூமாரோட வாரிசுங்கதான்.

சரி, எதை எடுத்துட்டுப் போறது?

இந்தக் கதையை வச்சு என் கோயில் காலையை மறுபடியும் பார்க்கலாம். அன்னைக்கு எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் நொடியில 15-ல் ஒரு பங்கு. முடிச்சுப் போடுற கையை நிறுத்த அது போதாது. எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தா அதே வெளிச்சத்துல நொடியில 150-ல் ஒரு பங்கு கிடைச்சிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஐஎஸ்ஓவை ஏத்தவும் பயந்தேன், அதுவும் தப்பு. மணல் மணலா இருக்கிற படத்தை அத்தை ஃபிரேம் போட்டிருப்பாங்க. கலங்கின படத்தை யாரும் போட மாட்டாங்க.

அதனால ஆரம்பநிலையில இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது இது.

முதல் லென்ஸ், எஃப் 1.8 திறப்புள்ள ஒண்ணு. ஃபுல் ஃபிரேம் கேமரான்னா 50. கிராப் சென்சார்னா 35, ஏன்னா அதுல 50-ஐ மாட்டினா 75, 80 மாதிரி நெருங்கிடும், சின்ன அறையில சுவரோட சுவரா ஒட்டி நிக்கணும். இதைச் சொந்தமா வாங்குங்க.

ரெண்டாவது, 24-70 எஃப் 2.8. கிராப் சென்சாருக்கு 17-50 மாதிரி எஃப் 2.8 ஜூம். விலை அதிகம், அதனால வாடகைக்கு எடுங்க. சடங்கு முழுக்க இதுலயே ஓட்டலாம்.

மூணாவது, 85 மி.மீ. முகங்களுக்கு. ஆனா பெட்ஸ்வால் பாடத்தை மறக்காதீங்க. ஃபுல் ஃபிரேம்ல ரெண்டு மீட்டர்ல நின்னு 85-ஐ எஃப் 1.8-ல் திறந்தா, கூர்மையா இருக்கிற ஆழம் ஆறு சென்டிமீட்டர் மாதிரிதான். மாப்பிள்ளை தெளிவா இருப்பார், ஒரு அடி பின்னாடி நிக்கிற பொண்ணு கலங்கிடுவாங்க. ரெண்டு பேர்னா எஃப் 4, குடும்பமே நின்னா 5.6 அல்லது 8, கூடவே லைட்.

இன்னொண்ணு. வாடகை லென்ஸை முதல் நாளே வாங்கி, முகூர்த்தம் நடக்கிற அதே இடத்துல, அதே விளக்கு வெளிச்சத்துல யாரையாவது உட்கார வச்சு எடுத்துப் பாருங்க. எனக்கு அந்தப் பத்து நிமிஷம் இருந்திருந்தா இந்த எபிசோடே தேவைப்பட்டிருக்காது. பெரிய செலவுள்ள கல்யாணம், உங்களை மட்டுமே நம்பியிருக்காங்கன்னா, "முதல் தடவை எடுக்கிறேன், கூட ஒரு ஆளை வச்சுக்கோங்க"ன்னு சொல்லிடுங்க. அதுல வெட்கம் ஒண்ணும் இல்ல.

விக்டோரியா ராணி 14 வருஷம் கழிச்சு உடுத்திக்கிட்டு கேமரா முன்னாடி நின்னாங்க. நம்ம வீட்டுல யாரையும் "மறுபடியும் ஒரு தடவை தாலி கட்டுங்க"ன்னு சொல்ல முடியாது.

போன மாசம் அத்தை போன் பண்ணாங்க. பையனுக்குத் தை மாசம் கல்யாணமாம். "நீ வர்றப்போ கேமராவை எடுத்துட்டு வா கண்ணு"ன்னு சொன்னாங்க. 35 மி.மீ. எஃப் 1.8 வாங்கிட்டேன். எப்படி வந்துச்சுன்னு தை முடிஞ்சதும் சொல்றேன். அதுவரைக்கும் உங்க வீட்டுப் பழைய ஆல்பத்துல தாலி கட்டுற பக்கத்தைத் திறந்து, அந்த வெளிச்சம் எங்கேயிருந்து வந்திருக்கும்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.